கொண்டியும் துளையும்

கடலில்லா வேலந்தாவளத்தான் படகைப் பற்றி எழுதுவதா என நகைக்காதீர், நண்பர்காள்! 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகே பெரிதும் பிடித்தது. அதைப் பழுதுபார்ப்பதை விடுமுறையில் நாகைக் கரையில் நின்று கண்டேன். நங்கூரக் கயிறு கட்டும் கொண்டியைத் திரும்பப் பூட்டுவதில்தான் சூட்சுமமெல்லாம்!

மரம் நனைந்தால் உப்பித் துளையை அடைக்கும்; கண்ணாடியிழை அடைக்காது. நீர் புகுந்தால் உள்ளே வைத்த மரப்பலகை மக்கிப்போம். பின்னர்க் கொண்டி ஒருநாள் நடுக்கடலில் பிடுங்கிக்கொள்ளும். படகு போகும், வலை போகும். வாங்கிய கடன் மட்டும் போகாது. ஆகவே பழந்துளையைச் சற்றே அகலமாக்கி, எப்பாக்சிப் பிசினால் நிரப்பி, இறுகியபின் நடுவே புதுத்துளை இடுவர். உட்புறம் அகன்ற தகடு வைத்தால் இழுவிசை பரவும். அழுத்தம் என்று பாடத்தில் உருப்போட்டோமே, அதுவேதான். மரையை முரட்டுத்தனமாய் முறுக்கினால் அடைப்புப் பசை பிதுங்கி வெளியேறும். முதலில் அளவாய் முறுக்கி, பசை காய்ந்தபின் மறுநாள் இறுக்குவாரும் உண்டு.