தாத்தாவின் பெட்டிப் பலகை

போன இதழில் பலர் சுற்றுலா போன கதை எழுதியிருந்தீர்கள். நான் ஒரு கீபோர்டு கதை எழுதுகிறேன்.

எங்க அப்பா திருவிழாக் கச்சேரிகளில் சிந்தசைசர் வாசிப்பார். (எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எங்க தெருவில் அதுக்குப் பேர் ‘காசியோ’தான்!) பழசாக வாங்கியது. அந்தக் கடனே இன்னும் முடியவில்லை. சித்திரை மாதம் ஒரு கச்சேரி முடிந்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, “நான் தூக்கறேம்பா” என்று நான்தான் வாங்கினேன். படியில் கால் இடறிவிட்டது. ஒரு பக்க பிளாஸ்டிக் மூடி உடைந்து தெறித்தது. இன்னொரு பக்கம் விரிசல். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால், நல்லவேளை, சத்தம் வந்தது. அப்பா திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த மாடலுக்கு மூடி கிடைக்காது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் மினிமோக் என்ற சிந்தசைசரின் படம் ஒன்று இருக்கிறது. 1970-இல் அமெரிக்காவில் ராபர்ட் மோக்கின் கம்பெனி வெளியிட்டது. அதன் கூடே மரம்தான். “அதுக்கே மரம்னா நமக்கும் மரம் போடலாமேப்பா?” என்றேன்.

திண்டிவனத்தில் மாமா தச்சு வேலை செய்கிறார். போனில் கேட்டோம். பலா மரம் போட்டால் சத்தம் நல்லா வருமா என்றதும் சிரித்தார். “வீணை, மிருதங்கத்துக்குத்தான்டா பலா. அதுல மரமே பாடணும். இதுல சத்தம் உள்ள இருக்கற போர்டுல உண்டாகி ஸ்பீக்கர்ல வருது. எந்த மரமும் ஒண்ணுதான். நல்லா காஞ்சதா கொண்டா, இல்லன்னா முறுக்கிக்கும்.”

காய்ந்த மரம் எங்க வீட்டுப் பரணில் இருந்தது. தாத்தாவின் ஆர்மோனியம்! அவர் தெருக்கூத்தில் பெட்டி வாசித்தவர். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்ததாம். கூத்து மேடையில் யார் தடுப்பது? தாத்தா விடிய விடிய வாசிப்பாராம். இப்போது துருத்தி கிழிந்து, அடிப்பலகையைச் செல் அரித்திருந்தது. பக்கப் பலகை இரண்டும் தேக்கு, அப்படியே இருந்தன. ஆயாவிடம் கேட்கத்தான் பயம். கேட்டதும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் முந்தானையால் பெட்டியைத் துடைத்து, “எடுத்துனு போ. ஆனா அவரு கை பட்ட பக்கம் வெளிய தெரியணும்” என்றது.

பாசஞ்சர் ரயிலில் போனோம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் வரை கீபோர்டை மடியை விட்டு இறக்கவில்லை.

மாமா காலண்டர் அட்டையில் அளவு வெட்டி, பலகையில் வரைந்து அறுத்தார். உட்பக்கம் மட்டும் இழைத்தார். துளை போடும்போது தூள் உள்ளே போகாமல் பேப்பரால் மூடினோம். டிரில் பிட்டில் டேப் சுற்றி, “இதுக்கு மேல எறங்கினா போர்டு காலி” என்றார். திருகைப் பிடித்த என் கை நடுங்கியது. வெளிப்பக்கம் பாலிஷ் போடவில்லை. தாத்தா கை தேய்த்த வழவழப்பு அப்படியே இருக்கிறது.

ஆடி மாதக் கச்சேரியில் ஆயா முன் வரிசையில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டைக் கவனித்ததா தெரியவில்லை.

கீபோர்டு இப்போது கனம் கூடிவிட்டது. அன்று இரவு பஸ் நின்றதும் அப்பா படியில் நின்று, “பாத்து” என்று சொல்லி என்னிடமே கொடுத்தார்.

- 10ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்