திரையும் மூப்பும்

சென்ற ஆண்டு திருத்தங்கலில் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். மண்டப வாயிலில் எமது தங்கையோடு நின்றிருந்தபோது, அயலூர் அன்பர் ஒருவர் ஸலாம் உரைத்து, "ஹஜ்ரத், இவங்க உங்க பெரிய அக்காங்களா?" என்று மரியாதையுடன் வினவினார். "தங்கை" என்றோம். அவர் நாணித் தலைகவிழ்ந்தார். தங்கை சிரித்துச் சமாளித்தாள். ஆயினும் முந்தானையை முகத்தின்மீது சற்றே இழுத்துக்கொண்டதைக் கண்டோம். அவள் எம்மைவிட மூன்று வயது இளையவள்.

ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே அடுப்பின் சோற்றை உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால், நாம் மதரஸாவின் நிழலில் கித்தாபு ஓதிக்கொண்டிருக்கையில், அவள் பட்டாசு ஆலையின் உலர்த்தும் மேடைகளில் வெயிலில் நின்றாள். அப்படியே 30 ஆண்டுகள் கழிந்தன. மழை குன்றி வெயில் மிகுந்த நிலமாதலாலேயே தீப்பெட்டியும் பட்டாசும் இவ்வட்டாரத்தில் வேரூன்றின. மருந்தை உலர்த்திய வெயில் அவள் முகத்தையும் உலர்த்திவிட்டது. நாம் ஓதிய கடைசி ஆண்டுகளின் செலவில் அவளது கூலியும் கலந்திருந்தது.

நரை, திரை, மூப்பு என மூன்றையும் தமிழர் சேர்த்தே சொல்வர். எனினும் திரை முழுவதும் மூப்பின் விளைவன்று என்கிறது மருத்துவம். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஒருவகை, தோலின் ஆழத்திற்குச் சென்று அதனைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் புரத இழைகளைச் சிதைக்கிறது. அக்கதிர் கண்ணாடியையும் ஊடுருவும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படத்தை 2012-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. சன்னல் பக்கமிருந்த இடக்கன்னம் மட்டும் ஆழ்ந்த மடிப்புகளோடு தொங்கியது. ஒரே முகத்தில் இரண்டு வயது! எங்கள் இருவரையும் அப்படத்தில் கண்டோம்.

திருமணம் முடிந்த மறுவாரம், எவருக்கும் சொல்லாமல் கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசத் தொடங்கினாள் தங்கை. முதலில் முகம் பளபளத்தது. பின்னர் சிவந்து எரிந்தது. களிம்பைப் பார்த்த தோல் மருத்துவர், அதில் வீரியமிக்க ஸ்டீராய்டு இருப்பதாகவும், நெடுநாள் பூசினால் தோல் மெலிந்துவிடும் எனவும் எச்சரித்தார். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என இந்திய அரசு 2018-இல் ஆணையிட்டது. பாதரசம் கலந்த முகப்பூச்சுகளோ சிறுநீரகத்தையே பழுதாக்க வல்லவை. 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் அத்தகைய நோயாளிகள் கண்டறியப்பட்டனர்.

காப்பு எளிது. உச்சி வெயிலில் நிழல். நிழலில்லாவிடில் அகன்ற தொப்பியும் நீண்ட கைச்சட்டையும். மூடவியலாத முகத்திற்குச் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை ஆண்டுகள் ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். விருப்பம்போல் பூசியவர்களைவிட, நாள்தோறும் பூசுமாறு பணிக்கப்பட்டோரிடம் தோல் முதிர்ச்சி 24 விழுக்காடு குறைவு. விழுந்த திரையைச் சற்றே தணிக்க டிரெட்டினாயின் என்னும் மருந்துண்டு. அது பயன்தரப் பல மாதங்களாகும். கருவுற்றோர்க்கு ஆகாது, மருத்துவர் சொல்லியே பூசவேண்டும்.

மருந்து செய்துகொள்ளுமாறும், ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் இறைவன் மருந்தை வைத்துள்ளான் என்றும், அவ்வொன்று முதுமையே என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. அதிலுள்ள 'ஹரம்' என்னும் அரபுச் சொல் தள்ளாமையைக் குறிக்கும். அதை மாணவர்க்குப் பலமுறை விளக்கியிருக்கிறோம். வெயில் இட்ட திரை அந்த விலக்கில் சேராதென்பது தங்கையின் முகத்தைப் பார்த்தபின்பே எமக்கு விளங்கிற்று.

அவள் இன்றும் ஆலைக்குச் செல்கிறாள். தொப்பியும் சன்ஸ்கிரீனும் மாதந்தோறும் எமது பொறுப்பு. "இப்ப எதுக்குண்ணே செலவு?" என்பாள். கடன் என்று நாம் சொல்வதில்லை.