கடைசியாகத் தொட்ட இடம்

பழுதடைந்த இயந்திரத்தைத் திருத்துவது ஒரு வேலை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் பராமரிப்புச் செய்த மறுநாள் ஓட மறுத்தால் அதற்குக் காரணம் தேடுவது வேறொரு வேலை. இரண்டாவதற்கு இயந்திர அறிவைக் காட்டிலும் நிதானமே அதிகம் வேண்டும். 2023ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் கிளிநொச்சி மாவட்டத்திற்குச் சென்றிருந்தபோது இதனை நேரில் கண்டேன்.

என் சகோதரியின் மகன் அங்கே வயல் செய்கிறான். அவனிடம் இருப்பது மூன்று சிலிண்டர்கள் கொண்ட பழைய டீசல் உழவு இயந்திரம். தன் வயலை உழுவதோடு அயலவர் வயல்களையும் ஏக்கர் கணக்கில் கூலிக்கு உழுது கொடுக்கிறான். காலபோகத்திற்கு வன்னியில் பல இடங்களில் புழுதி விதைப்பே வழக்கம். மாரி மழை பிடிப்பதற்குள் நிலத்தை உழுது நெல்லை விதைத்துவிட வேண்டும். மழை முந்திக்கொண்டால் புழுதி சேறாகிவிடும். அந்தச் சில வாரங்களில் உழவு இயந்திரம் படுத்துவிட்டால், அவனுடைய வருமானம் மட்டுமல்ல, அவனை நம்பி முற்பணம் கொடுத்திருந்த ஏழெட்டுக் குடும்பங்களின் போகமும் படுத்துவிடும்.

இதனை உணர்ந்துதான் உழவு தொடங்குமுன் அதனைப் பராமரிப்புக்கு விட்டிருந்தான். எண்ணெய் மாற்றினார்கள், டீசல் பில்டர் மாற்றினார்கள், கிறீஸ் அடித்தார்கள். இயந்திரம் ஓடியே வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் சுற்றியதே தவிர, பற்றவில்லை. வேலைத்தலத்திற்குத் தொலைபேசியில் சொன்னபோது, டீசல் பம்பு பழுதாகியிருக்கும், கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், இரண்டு கிழமையாவது செல்லும் என்று பதில் வந்தது. வானம் வடகிழக்கில் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அயலில் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்தோம். வந்தவர் ஸ்பனரைத் தொடவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"சுத்தேக்கை புகை வருதோ?"

"இல்லை ஐயா."

"கடைசியா என்னத்தைக் கழட்டினவை?"

"டீசல் பில்டர்."

"அப்ப பம்பை விடு தம்பி. கடைசியாத் தொட்ட இடத்திலையிருந்து பாப்பம்."

புகையைப் பற்றி அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. பெற்றோல் இயந்திரத்தில் பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்தில் பொறி இல்லை. காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு அளவில் நெருக்கும்போது பிறக்கும் வெப்பத்திலேயே டீசல் தானாகப் பற்றுகிறது. இயந்திரம் சுற்றும்போது வெண்புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை.

ஏன் போகவில்லை? குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் போகாது. டீசல் ஒரு திரவம். அதனைப் பம்பு அழுத்தினால் அழுத்தம் அப்படியே மறுமுனைக்குச் செல்லும். இன்ஜெக்டர் திறப்பதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். இடையில் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும், பம்பின் வலுவெல்லாம் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். இதனைத்தான் எங்கள் ஊர்களில் 'எயார் பிடிச்சிட்டுது' என்பார்கள்.

அவர் முதலில் நிறுத்தும் குமிழ் முழுதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா, தாங்கியின் அடைப்பான் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். இரண்டும் சரி. பிறகு பில்டரின் கழுத்தை விரலால் தடவினார். அங்கே புழுதி ஈரமாக ஒட்டியிருந்தது. டீசல் கசிந்திருக்கிறது. பில்டரைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. பழைய றப்பர் வளையம் மேல்மூடியின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய வளையத்தையும் வைத்து இறுக்கியிருந்தார்கள். ஓடும்போது அவ்வழியாக டீசல் கசிந்தது. நின்ற பிறகு இரவோடிரவாகக் காற்று உட்புகுந்தது.

பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் பில்டரைப் பூட்டியபின் காற்றை வெளியேற்றினார். பில்டரின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்திச் சிறிய பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அடிக்கச் சொன்னார். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழிகள், கடைசியில் தெளிந்த டீசல். வழியும்போதே திருகாணியை இறுக்கினார். அடுத்துப் பெரிய பம்பிலும் அப்படியே செய்தார். இறுதியாக இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி இயந்திரத்தைச் சுற்றவிட்டு, டீசல் தலைகாட்டியதும் இறுக்கினார். அங்கே கையை அருகில் கொண்டுபோகவேண்டாம் என்று மருமகனை எச்சரித்தார். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். ஸ்ரார்ட்டரையும் அரை நிமிடத்திற்கு மேல் தொடர்ந்து சுற்றவிடவில்லை.

மூன்றாவது தடவையில் இயந்திரம் இருமிக் கரும்புகை கக்கி ஓடத் தொடங்கியது. அன்று மாலையே மருமகன் அயலவர் வயலில் இறங்கிவிட்டான்.

ஈயத்தில் எழுத்து வார்த்த காலத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. லைனோ இயந்திரத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டுமானால் முழு வரியையும் மறுபடி வார்க்க வேண்டும். திருத்திய சொல் சரியாக இருக்கும். அதே வரியில் முன்பு சரியாக இருந்த இன்னொரு சொல் பிழையாகியிருக்கும். ஆகவே திருத்திய எழுத்தை மட்டுமல்ல, திருத்திய வரி முழுவதையும் ஒப்புநோக்குவோம்.

அந்தப் பெரியவர் தொழில் தேர்ந்தது பொருளாதாரத் தடைக் காலத்தில். 1990ஆம் ஆண்டின் பின்னர் வடக்கில் எரிபொருள் தடுக்கப்பட்டபோது பெற்றோல் கார்கள் சில துளி பெற்றோலில் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. டீசல் பம்புக்கு அந்த டீசலே மசகு; வெறும் மண்ணெண்ணெய் அதனைத் தேய்த்துவிடும் என்பதால் மண்ணெண்ணெயில் எண்ணெய் கலந்தார்கள். உதிரிப்பாகம் கிடைக்காத அந்நாளில், கழற்றி மாற்றுவோம் என்று சொல்ல எவராலும் இயலவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டியிருந்தது. 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும் இவ்வறிவு தேவைப்பட்டது. தாங்கி முற்றாக வற்றிய இயந்திரத்திற்கு டீசல் ஊற்றினால் மட்டும் போதாது, காற்றையும் எடுக்க வேண்டும்.

அத்தகையவர்கள் இன்று ஊருக்கு ஒருவர், இருவர்தான் எஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் அறிந்தவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை. மருமகன் அன்று பார்த்தவற்றை ஒரு கொப்பியில் வரிசைக் கிரமமாக எழுதி உபகரணப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். முதல் வரியில், கடைசியாகக் கழற்றியது எது என்று கேட்க வேண்டும் என எழுதியிருக்கிறான்.