காரியின் குதிரை

திண்டிவனத்துக் கிடங்கல்தான் சிறுபாணாற்றுப்படை சொல்லும் கிடங்கில். ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் ஊர். தேடிவந்த பாணனுக்குப் புத்தாடை உடுத்தி, வீமனின் சமையல் நூல்படி ஆக்கிய உணவைப் பொற்கலத்தில் படைத்து, ஏறிப்போகத் தேரும் கொடுத்து அனுப்புவான் அவன் என்கிறார் நல்லூர் நத்தத்தனார். கடையெழு வள்ளல்களை வரிசையாகச் சொல்வதும் அந்த நூல்தான். மயிலுக்குப் போர்வை தந்த பேகன், முல்லைக்குத் தேர் தந்த பாரி, கேட்டவருக்குக் குதிரை தந்த திருக்கோவலூர்க் காரி, ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமான் என்று நீளும் வரிசை அது. கோடை விடுமுறையில் எங்கள் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை நடத்தலாம் என்று பேச்சு வந்ததும், துப்புச் சீட்டுகளை இந்த ஏழு பேரை வைத்தே எழுதினோம்.

பரிசு என்ன என்பதில்தான் பேச்சு நீண்டது. பென்சில் பெட்டி, வண்ணக்கட்டி, சாக்லேட் என்று வழக்கமான பட்டியல் வந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. வெயிலில் ஓடி, மரப்பொந்திலும் படிக்கட்டு இடுக்கிலும் கைவிட்டுத் துழாவி ஒரு பிள்ளை எடுக்கும் பொருள், ஒளித்து வைக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். காரியின் பெயரைக் கண்டுபிடித்தவளுக்குக் குதிரைதான் கிடைக்க வேண்டும். நல்லியக்கோடனின் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குதிரை செய்து தரக்கூடிய கைகள் பக்கத்திலேயே இருந்தன. விழுப்புரத்தை அடுத்த அய்யூர் அகரத்தில்.

விநாயகர் சதுர்த்திக்குச் சிலை வாங்குபவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியும். காகிதக் கூழில் சிலையும் கொலு பொம்மையும் செய்யும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியின் திருக்கனூர். அங்கத்திய காகிதக்கூழ் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. தெற்கே போனால் பண்ருட்டி, கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். இந்த வட்டாரம் முழுக்கவே பொம்மைக்காரர்களின் பூமி.

நான் போனது பங்குனி வெயிலில். பட்டறை வாசலில் தலையில்லாத யானைமுகன்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். தும்பிக்கைகள் தனியாக ஒரு சாக்கின் மேல். ஆவணிச் சதுர்த்திக்கும் புரட்டாசிக் கொலுவுக்கும் வேண்டிய உருக்களைக் கோடையிலேயே பிடித்துக் காயவைத்துவிட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காகிதம் காயாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, இவர்களுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பட்டறைக்காரரிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். “மண்ணா இருந்தா திரும்பப் பிசையலாம் சார். பேப்பர் பொம்ம நனைஞ்சா அள்ளிக் கொட்ட வேண்டியதுதான்” என்றார்.

பழைய நோட்டும் செய்தித்தாளும் தொட்டியில் ஊறிக்கிடந்தன. ஊறியதை அரைத்து, பிழிந்து, கிழங்கு மாவைக் காய்ச்சிய பசையும் சாக்பவுடரும் சேர்த்துப் பிசைகிறார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். பிசைந்தது சப்பாத்தி மாவு பதத்துக்கு வந்ததும் அச்சுக்குப் போகிறது. குதிரைக்கு இரண்டு அச்சு, இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று. பட்டறைக்காரரின் தம்பி கூழைக் கிள்ளி அச்சின் காது, குளம்பு, பிடரி என்று இடுக்கான இடங்களில் முதலில் கட்டைவிரலால் அழுத்தினார். வயிறும் முதுகும் கடைசியில்தான். இடுக்கில் காற்று தங்கினால் காது பாதியாக வரும் என்றார். கொஞ்சம் இறுகியதும் அச்சைத் தட்டி எடுத்து, இரண்டு பாதியையும் அதே கூழால் ஒட்டி, ஒட்டிய தழும்பை ஈரவிரலால் நீவிவிட்டு வெயிலில் வைத்தார். காய்ந்தபின் உப்புத்தாள் தேய்ப்பு, வெள்ளைப் பூச்சு, அதற்குப் பிறகு வண்ணம்.

வண்ண வேலை பெண்களுடையது. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் ஒரு சாண் உயரக் கிருஷ்ணனுக்குப் புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சின்னதாக, நாலு விரற்கடை உயரத்தில் குதிரையும் மயிலும் வேண்டும் என்றேன். சின்னதாக இருந்தால் விலையும் குறைவாக இருக்கும், பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

“சின்னதுன்னா கூழுதான் சார் கம்மி. கண்ணு ரெண்டுதான, பெரிசுக்கும் சின்னதுக்கும்?” என்று கையிலிருந்த பிரஷ்ஷை என் பக்கம் நீட்டிக் காட்டினார். மயிர் நாலைந்துதான் இருக்கும் அதில். “இதுக்கு மூச்சப் புடிச்சிக்கினு எழுதணும். கை அசஞ்சா அழிச்சிட்டு மறுபடி வெள்ள அடிக்கணும்.”

பரிசு தேடிப் போகிற எல்லோரும் யோசிக்க வேண்டிய இடம் இது. பள்ளி விழா, பிறந்தநாள், போட்டி எதுவானாலும் நாம் கேட்பது சின்ன உருப்படி, நிறைய எண்ணிக்கை, குறைந்த விலை. இயந்திரத்தில் வார்க்கும் பொம்மைக்கு அந்தக் கணக்கு பொருந்தும். கைவேலையில் பொருள் சிறுக்கச் சிறுக்க வேலை நுணுகுகிறது, கூலி மட்டும் சுருங்குகிறது. சின்ன பொம்மையைப் பல பட்டறைகள் கைவிட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வண்ணம் தீட்டாமல் வெள்ளையாகவே வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையே தீட்டச் சொல்லலாமே என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். அந்த அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பசங்க தீட்டட்டும், சந்தோஷம்தான். ஆனா எங்க கூலி அந்தத் தீட்டுறதுலதான இருக்கு” என்றார். பாதி தீட்டியது, பாதி வெள்ளை என்று முடிவானது அப்போதுதான். தீட்டியதைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் கற்க முடியும்.

வண்ணத்தைப் பற்றி நான் துருவித் துருவிக் கேட்டேன். குழந்தை கையில் போகிற பொருள், வாய்க்கும் போகும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம். ஆனாலும் டப்பாவில் அந்த வாசகம் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நம் பொறுப்பு. நீரில் கரையும் வண்ணம் மட்டும் போதும், எனாமல் வேண்டாம், டப்பாவை நானே வாங்கித் தருகிறேன் என்றேன். அவர்கள் தயங்கவே இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதம் பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் சிலைகளுக்குத் தடை சொல்லி விதிகளைத் திருத்தியதிலிருந்து வண்ண விஷயத்தில் அதிகாரிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பதில் சொல்லிப் பழகியவர்கள். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்ற ஆணை 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு பெற்ற கலைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு கிடைத்தது. அது நியாயமான விலக்கு. பரிசோதனைக்கூடச் செலவைத் திண்ணையில் உட்கார்ந்து கண் எழுதுபவர்கள் தாங்க முடியாது. அதற்காகவே வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டும். எங்கள் வேட்டையில் ஆறு வயதுக்குக் கீழ் யாரும் இல்லை; வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் பொம்மையை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு.

மயில்தான் சிக்கலானது. கொண்டையும் நீட்டிய கழுத்தும் பிள்ளைகள் பையில் போட்ட மறுநொடி முறிந்துவிடும். பட்டறைக்காரர் பழைய அச்சுகளைக் கிளறி ஒன்றை எடுத்தார். கழுத்தை முதுகில் சாய்த்து, தோகையைத் தரையில் படியவிட்டு உட்கார்ந்திருந்த மயில். கொண்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பல வருஷமாக யாரும் கேட்காத அச்சாம். பேகனின் போர்வைக்குச் சின்னத் துணித்துண்டு நாங்களே தைத்துக்கொள்வதாகச் சொன்னேன். தேருக்கு அச்சு இல்லை. சக்கரம் உருளும்படி காகிதக்கூழில் செய்தால் நிற்காது என்று உறுதியாக மறுத்துவிட்டார். பாரியைக் கண்டுபிடிப்பவர்களுக்கு முல்லைக் கன்று கொடுப்பது என்று அங்கேயே தீர்மானித்தேன். அதியமானுக்கு நெல்லிக்காய் போதும், அதைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

விலை பேசும்போது உருவத்தின் அளவைப் பேசவில்லை. ஒரு நாளில் அந்த அக்காவால் எத்தனை கண் எழுத முடியும் என்று கேட்டு, அவரது நாள் கூலியிலிருந்து கணக்குப் போட்டோம். கடைப் பொம்மையைவிடக் கூடுதலாகத்தான் வந்தது. வென்ற அணிக்குப் பெரிய பரிசு என்று வைத்திருந்த தொகையை எடுத்து இதில் சேர்த்தோம். தனிப் பரிசு கிடையாது, தேடிய எல்லோருக்கும் ஆளுக்கொரு உருப்படி. பாதிப் பணத்தை அன்றே கொடுத்தேன்.

புறப்படும்போது பட்டறைக்காரர் ஒரு கோரிக்கை வைத்தார். அடுத்த வருஷமும் நடத்துவதாக இருந்தால் தை மாதமே வந்து சொல்லிவிட வேண்டும். கொலு முடிந்து மழையும் விட்ட பிறகு, சதுர்த்தி வேலை தொடங்கும் முன் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அப்போது கையில் காசும் இருக்காது, வேலையும் இருக்காது. “அந்த நேரத்துல சின்ன பொம்ம ஆர்டர் வந்தா எங்களுக்கு அதுதான் சார் பெரிய ஆர்டர்” என்றார். வாசிப்பு வட்டத்தின் நாட்குறிப்பில் பொங்கல் விடுமுறைக்கு அடுத்த வாரத்தில் அய்யூர் அகரம் என்று குறித்து வைத்திருக்கிறேன். தேருக்கு மரச்சக்கரம் யாராவது கடைந்து தருவார்களா என்று அதற்குள் விசாரிக்க வேண்டும்.