பத்மாராவ் நகரில் ஓய்வுக்காலம்

ஓய்வுபெற்றவர்களுக்கு எந்த ஊர் கட்டுப்படியாகும் என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் வீட்டு வாடகையைத்தான் சொல்கிறார்கள். செகந்திராபாதில் சித்தப்பா வீட்டில் தங்கியபோது நான் வேறொன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். பிள்ளைகளின் கையை எதிர்பார்க்காமல் வயதானவர்கள் அங்கே எத்தனை காரியங்களைத் தாங்களே முடித்துக்கொள்கிறார்கள்!

சித்தப்பா ரயில்வேக்காரர். தென்மத்திய ரயில்வே 1966-இல் செகந்திராபாதைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. அதிலும் கண்டோன்மென்ட்டிலும் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர்ப் பக்கம் வேர்பிடித்துவிட்டன. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் சாயங்காலம் போய் உட்கார்ந்தால், சுற்றிலும் தமிழ்ப் பேச்சுதான். சென்னைக்கே வந்துவிடச் சொன்னேன். "இந்த முருகனை விட்டுட்டு எங்கடா வரச் சொல்றே?" என்றார்.

காந்தி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயரிலேயே மெட்ரோ நிலையமும் உண்டு. ஜூப்ளி பஸ் ஸ்டேஷனிலிருந்து மகாத்மா காந்தி பஸ் ஸ்டேஷன் வரைக்குமான அந்தப் பாதை 2020 பிப்ரவரியில் திறந்தது. லிஃப்ட் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்கள் படிக்கட்டுக்குப் பயப்பட வேண்டாம். பஞ்சாரா ஹில்ஸ் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் பணம் கட்ட முடியாதவர்களுக்கும் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கிறது. பென்ஷனை நம்பியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு!

சித்தியிடம் இன்னும் பெரிய மாற்றத்தைப் பார்த்தேன். 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்கு சாதாரண, எக்ஸ்பிரஸ் அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. ஆதார் அட்டையைக் காட்டினால் கண்டக்டர் 'ஜீரோ டிக்கெட்' கிழித்துத் தருகிறார். சித்தி அதை வாங்கிக்கொண்டு மோண்டா மார்க்கெட்டுக்குப் போய், தெலுங்கில் பேரம் பேசிக் காய் வாங்கி வருகிறார். யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை.

கொண்டாப்பூர், கச்சிபௌலி அடுக்குமாடிகளில் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களையும் பார்த்தேன். காவல், லிஃப்ட், பூங்கா எல்லாம் இருக்கின்றன. ஆனால் கோயிலுக்குப் போக மகனுக்கு விடுமுறை வர வேண்டும். அந்த வசதி எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வெயில் கடுமைதான், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். தக்காண மேட்டில் 500 மீட்டருக்கு மேல் இருப்பதால், சென்னையின் கசகசப்பு மட்டும் இல்லை.

என்னை வருத்தியது நடைபாதைதான். பல இடங்களில் நடைபாதையே கிடையாது. இருக்கும் இடங்களிலும் பைக்குகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் வழியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. மேம்பாலங்களுக்குச் செலவழிக்கும் நகரம் இதை முதலில் சரிசெய்ய வேண்டும். எதிர்வீட்டு மாமி பெயர்ந்த கல் தடுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, இப்போது வாக்கரோடு நடக்கிறார். அவருக்கும் பேருந்து இலவசம்தான். ஆனால் நிறுத்தம் வரைக்கும் போக யாராவது ஆட்டோ பிடித்துத் தர வேண்டியிருக்கிறது.