வஜீர்கள் சென்ற பின் வந்த நாற்காலி

நாடாள்வோர் காலையில் தம் உயர் அலுவலர்களை அருகே அமர்த்தி, அன்றைய பொழுதில் ஆற்ற வேண்டிய காரியங்களை வகுத்துக் கொள்வது புதுக்காலத்து வழக்கம் என்று நம்மிற் பலர் எண்ணிக் கொண்டிருக்கின்றோம். செயலாளர்கள் கோப்புகளோடு வந்து நிற்பதும், இன்னாரை இத்தனை மணிக்குக் காண வேண்டும் என்று பட்டியல் நீட்டுவதும், பின்னர்க் கதவு சாத்தப்படுவதும் இக்காலத்துக் குடியரசுத் தலைவர் மாளிகைகளுக்கே உரியன போலத் தோன்றுகின்றன. ஆனால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னர்த் திமிஷ்கு நகரில் நாள்தோறும் நடந்த அத்தகைய கூட்டமொன்றை, அங்குப் பரிமாறப்பட்ட ஆறிய இறைச்சி ஈறாக, அரபு வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கின்றார். அதை எழுதியவர் அல்மஸ்ஊதி. நூல் ‘முரூஜுத் தஹப்’. கூட்டத்திற்குரியவர், ஹிஜ்ரி 41 முதல் 60 வரை, அதாவது கி.பி. 661 முதல் 680 வரை, கிலாஃபத்தை நடாத்திய முஆவியா (ரலி) அவர்கள்.

மஸ்ஊதி பக்தாதிற் பிறந்து, பல நாடுகளைச் சுற்றி, ஹிஜ்ரி 345-இல் மிஸ்ரு நாட்டில் மறைந்தவர். அவருக்கும் முஆவியா (ரலி) அவர்களுக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. எனவே அவர் எழுதியதெல்லாம் கண்ணாற் கண்டது போலாகாது. எனினும் ஒன்றை நாம் கருத வேண்டும். அவர் வாழ்ந்தது பனூ உமையாக்களை வீழ்த்திய அப்பாஸியர் காலம். அவர் மனச்சாய்வோ அலி (ரலி) அவர்களின் பக்கம். உமையா அரசரைப் புகழ்ந்து பரிசில் பெற வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. அத்தகையவர் வாயினின்று வரும் நற்சொல்லுக்குச் சற்றுக் கூடுதலான எடை உண்டு.

இனி அந்தக் காலையைக் காண்போம். பகலிலும் இரவிலுமாக நாளொன்றுக்கு ஐந்து முறை மக்களுக்குத் தம் அவையைத் திறந்து விடுவது கலீபாவின் வழக்கமாம். சுபுஹுத் தொழுகை முடிந்ததும், வரலாறு கூறுபவர் ஒருவர் எதிரே அமர்ந்து கூற, அது முடியும் வரை கேட்டிருப்பார்கள். பின்னர் முஸ்ஹபைக் கொணரச் செய்து, தமக்கென வகுத்துக் கொண்ட பகுதியை ஓதுவார்கள். அதன்பின் வீட்டினுள் சென்று இல்லத்துக் காரியங்களில் ஏவவும் விலக்கவும் வேண்டியவற்றைச் செய்து, நான்கு ரக்அத்துத் தொழுது, அவைக்கு வருவார்கள். அங்கே முதற்கண் அனுமதி பெறுவோர் நெருங்கியவர்களுள்ளும் நெருங்கியவர்கள். அவர்களோடு சிறிது உரையாடல். அடுத்து வஜீர்கள் நுழைவர். அப்போதிருந்து மாலை வரை செய்ய வேண்டியவை யாவை என்பது பற்றி அவர்கள் பேசுவர். பின்னர்ச் சிறு காலையுணவு வரும். அது முதல் நாள் இரவு உண்டதில் எஞ்சியது. ஆறிப்போன ஆட்டுக்குட்டி இறைச்சியோ கோழிக் குஞ்சோ அது போன்ற ஏதேனுமோ. உணவுக்குப் பின்னும் நெடுநேரம் பேச்சு நீளும்.

‘வஜீர்’ என்ற சொல்லைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை. பாரம் எனப் பொருள்படும் ‘விஸ்ரு’ என்பதனடியாகப் பிறந்தது இச்சொல் என்பர் மொழியறிஞர் பலர். தம் பாரத்தைத் தாங்கத் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தருமாறு மூஸா (அலை) அவர்கள் இறைஞ்சியதாக ‘தாஹா’ அத்தியாயத்தில் வருமிடத்திலும் இச்சொல்லே ஆளப்பட்டிருக்கின்றது. ஆனால் வஜீர் என்னும் பதவிப் பெயர் நிலைபெற்றது அப்பாஸியர் ஆட்சியிலேயே ஆம். மஸ்ஊதி தம் காலத்துச் சொல்லைப் பழைய காலத்தின் மீது ஏற்றிக் கூறுகின்றார். முஆவியா (ரலி) அவர்களின் அருகில் இருந்தோர் பட்டம் பெற்ற அமைச்சர்கள் அல்லர். பாரத்தில் ஒரு பங்கைத் தோளில் ஏற்றுக் கொண்டவர்கள், அவ்வளவே.

அவர்கள் என்ன பேசினர் என்பதை மஸ்ஊதி கூறவில்லை. ஆயினும் அவ்வாட்சியின் அலுவல்களை நாம் அறிவோம். நிலவரிக் கணக்கைப் பார்த்தவர் ஸர்ஜூன் என்னும் கிறிஸ்தவர். ஷாம் நாட்டின் பதிவேடுகள் அந்நாளிற் கிரேக்க மொழியில் இருந்தன; அவை அரபிக்கு மாறியது பின்னால் அப்துல் மலிக் காலத்தில், ஹிஜ்ரி 81-இல். ரோமர்களோடு கடற்போர், இராக்கிலிருந்து ஜியாத் அனுப்பும் மடல்கள், படைவீரர்க்குரிய ஊதியம் என்று பேசுவதற்குப் பொருளுக்குப் பஞ்சமிருந்திராது.

மடல் எனும்போது முத்திரையின் கதை நினைவுக்கு வருகின்றது. அம்ரு இப்னு ஸுபைர் என்பவருக்கு நூறாயிரம் திர்ஹம் கொடுக்குமாறு ஜியாதுக்கு எழுதி, அம்மடலை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள் கலீபா. அவர் வழியில் அதைத் திறந்து, நூறை இருநூறாக்கிப் பணத்தைப் பெற்றுக் கொண்டார். பின்னர் ஜியாதின் கணக்கு வந்தபோது குட்டு வெளிப்பட்டது. இதன் பின்னரே மடல்களைக் கட்டி முத்திரையிடுவதற்கெனத் ‘தீவானுல் காத்தம்’ என்னும் அலுவலகம் ஏற்பட்டது என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அரசாங்க நடைமுறைகளிற் பெரும்பாலானவை யாரோ ஒருவர் செய்த களவின் நினைவுச் சின்னங்கள் போலும்!

இதுகாறும் கூறியது எந்த அரசனுடைய காலையிலும் காணக் கூடியதே. நம்மைத் தடுத்து நிறுத்துவது இதன் பின் வருவது. வஜீர்கள் பேசி முடித்து, கலீபா வீட்டினுள் சென்று திரும்பியதும், பணியாளை அழைத்து நாற்காலியை வெளியே கொண்டு செல்லப் பணிப்பார்கள். அந்நாற்காலி பள்ளிவாசலுக்குச் செல்லும். அது திமிஷ்கில் இன்று காண்போர் வியக்கும் பெரும்பள்ளி அன்று. அது பின்னர் வலீதின் காலத்தில் எழுந்தது. பள்ளியில் ‘மக்ஸூரா’ என்னும் தடுப்பின் மீது முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வார்கள். அப்போது நலிந்தவரும், பாலைவனத்து அஃராபியும், சிறுவரும், பெண்களும், தமக்கென எவருமில்லாதவரும் ஒருவர் பின் ஒருவராக முன்வருவர். தமக்கு அநீதி நேர்ந்தது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வலுவளிக்குமாறு ஆணை பிறக்கும். தம்மீது அத்துமீறல் நடந்தது என்று மற்றொருவர் சொன்னால், அவரோடு ஆளனுப்பப்படும். எவரும் எஞ்சாத வரை நாற்காலி அங்கேயே இருக்கும்.

மக்ஸூராவைப் பற்றி அறியாதார்க்கு இதன் சுவை விளங்காது. ஹிஜ்ரி 40-இல் ரமலான் மாதத்தில் காரிஜிய்யாக்கள் மூவர், மூன்று தலைவர்களை ஒரே நாளிற் கொல்வதென்று சபதம் பூண்டனர். கூஃபாவில் அலி (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். மிஸ்ரில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் அன்று தொழுவிக்க வராமையால் அவர்களிடத்தில் நின்ற வேறொருவர் வெட்டுண்டார். திமிஷ்கில் முஆவியா (ரலி) அவர்கள் காயத்தோடு தப்பினார்கள். அதன் பின்னரே, தொழுமிடத்தில் வாளோடு எவரும் நெருங்காதிருக்க அந்தத் தடுப்பு எழுப்பப்பட்டது. உடலில் வடுவேந்திய ஒருவர், தம் உயிரைக் காக்கவென்று கட்டிய அடைப்பின் உட்புறத்தில் அமரவில்லை. அதற்கு வெளியே, அதையே முதுகுக்கு அணையாக்கி, முன்பின் அறியாத மக்களை நோக்கி அமர்ந்திருக்கின்றார். அந்த ஒரு காட்சிக்காகவே மஸ்ஊதியை மீண்டும் மீண்டும் புரட்டலாம்.

வாயிலைத் திறப்பதா அடைப்பதா என்னும் வினா அவர்களுக்குப் புதிதன்று. உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்கு வந்தபோது, அங்கே ஆளுநராயிருந்த முஆவியா (ரலி) அவர்கள் பெரும் பரிவாரத்தோடு எதிர்கொண்டார்கள். தேவையுடையோர் உம் வாயிலிற் காத்துக் கிடப்பதாகக் கேள்விப்படுகின்றேனே என்று உமர் (ரலி) அவர்கள் வினவினார்கள். இது பகைவரின் ஒற்றர் மிகுந்த நாடு. ஆட்சியின் மிடுக்கைக் காட்டாவிடின் அவர்கள் அஞ்சார். தாங்கள் கட்டளையிட்டால் தொடர்வேன், தடுத்தால் நிறுத்துவேன் என்பது விடை. உமர் (ரலி) அவர்கள் ஏவவுமில்லை, தடுக்கவுமில்லை என்று கூறப்படுகின்றது. மதீனாவில் வாழ்ந்த ஒருவர், எல்லைப்புற நாட்டின் இக்கட்டை உணர்ந்து வாளாவிருந்தார் என்றே நாம் கொள்கின்றோம்.

பின்னாளில் முஆவியா (ரலி) அவர்கள் ஆட்சித் தலைவரான பிறகு, அபூமர்யம் அல்அஸ்தீ (ரலி) என்னும் நபித்தோழர் அவர்களிடம் சென்று, தாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் செவியுற்றதைத் தெரிவித்தார்கள். முஸ்லிம்களின் காரியங்களுக்குப் பொறுப்பேற்று, அவர்களுடைய தேவைக்கும் வறுமைக்கும் தம்மை மறைத்துக் கொள்பவரின் தேவைக்கு அல்லாஹ்வும் தன்னை மறைத்துக் கொள்வான் என்பது அதன் சாரம். அதைக் கேட்டதும் மக்களின் தேவைகளைக் கவனிக்கவென்றே ஒருவரை நியமித்தார்கள் என அபூதாவூத் கிரந்தத்தில் வந்துள்ளது. நாற்காலி முதலில் வந்ததா, இந்த எச்சரிக்கை முதலில் வந்ததா என்று ஆராய்வது நம் நோக்கமன்று. எச்சரிக்க ஒருவர் துணிந்தார், கேட்டவர் சினக்கவில்லை.

பள்ளியிலிருந்து திரும்பியதும் மூன்றாவது அமர்வு. இம்முறை மக்கள் தத்தம் தகுதிக்கேற்ப அனுமதிக்கப்படுவர். யாவரும் அமர்ந்த பின், அந்தப் பிரமுகர்களை நோக்கிக் கலீபா ஒன்றைச் சொல்வார்களாம். ‘அஷ்ராஃப்’, மேன்மக்கள், என்று அவர்கள் அழைக்கப்படுவதற்குக் காரணம் பிறர்க்கில்லாத சிறப்பாக இந்த அவையில் இடம் பெற்றிருப்பதே. ஆகவே இங்கு வந்தடைய இயலாதோரின் தேவைகளை அவர்களே கொண்டு வந்து சேர்க்க வேண்டும். உடனே ஒருவர் எழுந்து, இன்னார் போரில் ஷஹீதானார் என்பார். அவருடைய மக்களுக்கு உதவித்தொகை விதிக்கப்படும். மற்றொருவர், இன்னார் குடும்பத்தைப் பிரிந்து வெளியூரில் இருக்கின்றார் என்பார். அக்குடும்பத்தைக் கவனிக்குமாறு ஆணை வரும். குலத்தாலும் செல்வத்தாலும் வந்தது என்று அவர்கள் எண்ணியிருந்த மேன்மையைக் கலீபா ஒரே வாக்கியத்தில் கடனாக மாற்றி விடுகின்றார்கள். அரசரின் அருகில் இடம் கிடைத்தவர், தமக்கொன்று கேட்பதற்கு முன், இல்லாதவருக்காக எழுந்து நின்றாக வேண்டும்.

பின்னர் உணவு விரிப்பு. எழுத்தர் கலீபாவின் தலைமாட்டில் நிற்பார். மனுவோடு வந்தவர் விரிப்பில் அமர்ந்து இரண்டு மூன்று கவளம் உண்பார். அதற்குள் எழுத்தர் அவருடைய மனுவை வாசிக்க, ஆணை பிறந்துவிடும். அவர் எழ, அடுத்தவர் அமர்வார். உணவு முடிவதற்குள் இவ்வாறு நாற்பது பேர் வரை வந்து செல்வதுண்டாம். இப்பகுதியை நாம் மாணவர்க்கு வாசித்துக் காட்டியபோது ஒரு பையன், “வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஹஜ்ரத் வழக்கைச் சொல்வார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாமோ அக்கேள்வியை எளிதில் விடவில்லை. அவர் சொல்ல வேண்டியதே இல்லை என்பதன்றோ அந்த ஏற்பாட்டின் நயம்! நாவன்மை உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் வழக்கை எடுத்துரைப்பது எழுத்தரின் ஒரே குரல். மனுதாரர்க்கு அந்நேரத்தில் ஒரே வேலை, உண்பது.

இவ்வளவையும் எழுதிய மஸ்ஊதி, இதே நூலில் மற்றொரு கதையையும் வைத்திருக்கின்றார். ஸிஃப்பீன் போருக்குப் பின் கூஃபாவாசி ஒருவர் ஆண் ஒட்டகத்தின் மீது திமிஷ்கு வந்தார். உள்ளூரார் ஒருவர் அது தம் பெண் ஒட்டகம் என்று வழக்காட, ஐம்பது பேர் ஆமென்று சாட்சி கூறினர். தீர்ப்பு உள்ளூரார்க்கே ஆயிற்று. இது ஆண் ஒட்டகமாயிற்றே என்றார் கூஃபாவாசி. தீர்ப்பு முடிந்துவிட்டது என்பதே விடை. பின்னர்த் தனியே அவரை அழைத்து இருமடங்கு விலை கொடுத்த முஆவியா (ரலி) அவர்கள், ஆண் ஒட்டகத்தையும் பெண் ஒட்டகத்தையும் பிரித்தறியாத நூறாயிரம் பேரோடு தாம் எதிர்நிற்பதாக அலி (ரலி) அவர்களிடம் கூறச் சொன்னார்களாம். ஸஹாபாக்களிடையே நிகழ்ந்தவற்றில் நாவடக்குவது அஹ்லுஸ் ஸுன்னத்தினர் வழி. இக்கதை நடந்ததே என்று நாம் சாதிக்க வரவில்லை. அஷ்ராஃபுகளின் அவையை வருணித்த அதே பேனா இதையும் எழுதியது என்பதை மட்டும் குறிக்கின்றோம். காலைக் கூட்டத்தில் வஜீர்கள் ஐம்பதின்மரும் ஒரே குரலில் பேசினால், வெளியே கட்டப்பட்டிருக்கும் ஒட்டகத்தை எவர் போய்ப் பார்ப்பார்?

இஷாவுக்குப் பின்னும் வஜீர்கள் வருவர். அவர்கள் சென்றதும் இரவில் மூன்றிலொரு பங்கு அரபியர், அஜமியர் ஆகியோரின் பழைய வரலாறுகளைக் கேட்பதிற் கழியும். சிறிது உறங்கி எழுந்ததும், அரசர்களின் சரித்திரங்களும் போர்களும் அடங்கிய ஏடுகளை அதற்கென்றே அமர்ந்த பணியாளர்கள் வாசிப்பர். அவ்வாறே சுபுஹு வந்துவிடும்.

பின்வந்தோர் சிலர் இதைப் பின்பற்ற முயன்றனர். அப்துல் மலிக் முதலானோர் அந்தப் பொறுமையையும் ஆட்சித் திறனையும் எட்டவில்லை என்கின்றார் மஸ்ஊதி. அதே அப்துல் மலிக் தம் வாயிற்காவலருக்கு இட்ட கட்டளை ஒன்றை இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் எடுத்துரைக்கின்றார். மூவரைத் தவிர மற்றெவரையும் தடுத்து நிறுத்தும் உரிமை காவலருக்கு அளிக்கப்பட்டது. தொழுகைக்கு அழைக்க வரும் முஅத்தின் ஒருவர்; அவர் அல்லாஹ்வின்பால் அழைப்பவர். செய்தி கொணரும் அஞ்சற்காரர் மற்றொருவர். அவர் கொணர்வது எதுவாகவும் இருக்கலாம். மூன்றாமவர் உணவு கொண்டு வருபவர். காத்திருந்தால் அது கெட்டுவிடும். அஃராபியும் சிறுவரும் எவருமில்லாதவரும் அந்த மூவரில் இல்லை.