பவளமும் சுண்ணாம்பும்

பவளம் என்றவுடன் நம் வீட்டுப் பெண்களுக்கு நினைவு வருவது நவரத்தினங்களுள் ஒன்றான சிவப்பு மணி. மன்னார் வளைகுடாவில் இருக்கும் பவளப்பாறை அதுவன்று, அது சுண்ணாம்பு. சுண்ணாம்பைப் பற்றிப் பேச எனக்குச் சற்று உரிமை உண்டு. என் பாட்டனார் திண்டிவனம் அருகே காளவாயில் கூலிக்குக் கிளிஞ்சல் சுட்டவர். தந்தையார் பொங்கலுக்குப் பொங்கல் ஊரார் வீடுகளுக்கு வெள்ளையடித்தவர். இப்போது பெயிண்டு அடிக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

சென்ற ஆண்டு விலங்கியல் துறைக் கல்விச் சுற்றுலாவில், இரவு விழுப்புரத்தில் இரயிலேறி மண்டபம் சென்றோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையேயுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. தீவுகளுக்கு நாங்கள் போகவில்லை. கரையோரம் இடுப்பளவு நீரில் நின்று, முகக்கண்ணாடி அணிந்து, தலையை அமிழ்த்திப் பார்த்தோம், அவ்வளவே. கடற்புல், அதனிடையே ஒரு கடல் அட்டை, விரல் நீள மீன்களின் கூட்டம். அந்தச் சில நிமிடங்களில் ஓர் ஆசை பற்றிக்கொண்டது. ஸ்கூபா கற்க வேண்டும்!

முதுகில் சுமப்பது பிராணவாயு உருளை என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான்; அழுத்தி அடைத்தது. 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய கருவி, அந்தந்த ஆழத்திற்கேற்ற அழுத்தத்தில் காற்றை வாய்க்குத் தருகிறது. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறையக் காற்றிழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அக்காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். ஆகவே மூச்சை அடக்காதே என்பதே முதற்பாடம். பள்ளியில் பாயில் விதியை மதிப்பெண்ணுக்காக உருப்போட்டபோது, அது உயிர் காக்கும் விதி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நம் முத்துக் குளிப்போருக்கோ மூச்சடக்குவதே தொழில். கல்லின் பாரத்தில் இறங்கி, ஒரு மூச்சில் அள்ளியதை அள்ளிக்கொண்டு ஏறினர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது.

பவள உயிரி சில மில்லிமீட்டரே உள்ள மெல்லுடல் பிராணி. கடல்நீரிலுள்ள கால்சியத்தைக் கொண்டு தனக்கொரு சுண்ணாம்புக் கிண்ணம் கட்டிக்கொள்ளும். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி, ஒளிச்சேர்க்கை செய்து வாடகைபோல் உணவு கொடுக்கும். நிறத்திலும் பெரும்பங்கு அதனுடையதே. நீர் மிகச் சூடானால் குடித்தனக்காரர் வெளியேறுவர், பவளம் வெளுக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெருமளவில் நடந்தது. எங்கள் வீட்டில் வெள்ளை என்றால் பண்டிகை. அங்கே பட்டினி.

வெயிலுக்கு முன்பே மனிதன் கைவைத்துவிட்டான். பல்லாண்டுகள் பவளக்கல்லை உடைத்துப் படகில் ஏற்றிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டு போனார்கள். அலையைத் தடுத்த சுவர் போயிற்று. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. 2001-இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இதைத் தந்தையாரிடம் கூறினேன். "கூலிக்காரன் கல்லை உடைச்சான்னு எழுதுவ. வாங்கினவன் யாருன்னும் எழுதும்மா" என்றார். எழுதிவிட்டேன்: வாங்கியவர்கள் வீடு கட்டியவர்களும், சுண்ணாம்பு தேவைப்பட்ட ஆலைக்காரர்களும்.

இப்போது தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார், உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி, சிதைந்த இடங்களில் வைத்து வளர்க்கின்றனர். ஏறக்குறைய நாற்று நடுவது போலத்தான். இதற்கு இரண்டு கையும் வேண்டும், நிதானமும் வேண்டும். ஒரு மூச்சில் முடிகிற காரியமா? ஸ்கூபா இங்கே பொழுதுபோக்கு அன்று நண்பர்களே, கொத்தனாருக்குச் சாரம் எப்படியோ அப்படி.

பாண்டிச்சேரியில் கற்றுத் தருகிறார்கள். கட்டணமோ எங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவுக்கு மேல். பட்டம் பெற்றபின் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் சேர்ந்தால் வழி பிறக்கும் என்பது என் எண்ணம். நீச்சல் கவலை இல்லை. சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளி, ஏழு வயதிலேயே தந்தையார் பழக்கிவிட்டார்.

அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "பொம்பளப் புள்ளைக்குக் கடலுக்குள்ள என்ன வேலை?" என்றார். இராமநாதபுரம் கரையில், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னேன். அவர்களுள் சின்னப்பாலம் லட்சுமி என்பவருக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்ததையும் சொன்னேன்.

"அவங்க வயித்துக்குப் போறாங்க. நீ எதுக்குப் போற?"

"நானும் அதுக்குத்தாம்மா."

அம்மா பிறகு ஒன்றும் பேசவில்லை. தந்தையார் மட்டும் அந்தச் சிலிண்டர் எத்தனை கிலோ என்று கேட்டார். பதினைந்து கிலோ சுமார் இருக்கும் என்றேன். "நம்ம பெயிண்டு வாளியே அதைவிடக் கனம்" என்றார்.